மிச்சமிருந்த ஒரு புள்ளி

நேரில் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாத பிரியத்துடன் தவமணிக்கு,

அந்த வகுத்தலில் மீதியை ஏன் விட்டாய்? நேற்றிரவு இந்தக் கேள்வியோடுதான் படுத்தேன், இந்தக் கேள்வியோடுதான் எழுந்தேன். எனக்குப் பதில் தெரியவில்லை. உட்கார்ந்து யோசித்தால் பிடிபட்டுவிடும் என்கிற வகைக் கேள்வியும் இல்லை இது. பதில் உன்னிடம் மட்டும்தான் இருந்தது.

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும். பத்திரிகையில் அப்படி ஏதாவது வந்தால், இதைத் தபால்காரர் எந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பார் என்று கேட்டு உன்னைச் சிரிக்க வைத்தவள் நான். நீ படிக்கமாட்டாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ஆனால் நீ போட்டுவிட்டுப் போன சட்டம் ஒன்று இருக்கிறது. அதை மீற மனம் வரவில்லை, கடைப்பிடிக்க வழியும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இந்தக் கடிதம்.

வேறு சிலரும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையும் சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள். நீ என் நாத்தனார். உன் அண்ணனும் நானும் பிரிந்து பல வருஷம் ஆன பிறகும் நாத்தனாராகவே இருந்தவள். பெருமாள்மலையில் ஒரே வீட்டில், எதிரெதிர் மேசைகளில் உட்கார்ந்து, சென்னையில் இருக்கும் ஒரு சின்னக் கம்பெனிக்கு நாம் இருவரும் நிரல் எழுதிக்கொண்டிருந்தோம். போன ஐப்பசி மழையில் நீ போய்விட்டாய்.

முதலில் வீட்டுச் சேதி. பேரி மரம் இந்த வருஷம் நன்றாகக் காய்த்தது. பாதியைக் குரங்குகள் கடித்துக் கடித்துப் போட்டன. மின்வெட்டு இப்போது நேரம் சொல்லி வருகிறது, ஆடிக் காற்றில் சொல்லாமலும் வருகிறது. அதனால் உன் மேசையில் யூபிஎஸ் பேட்டரிகளை வைத்திருக்கிறேன். நாற்காலியை மட்டும் நகர்த்தவில்லை. அதற்குக் காரணம் ஒன்றுமில்லை, வைக்க வேறு இடம் இல்லை.

இப்போது சோலிக்கு வருகிறேன்.

பழனி அடிவாரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரி நம் பேக்கப் நிரலை வாங்கியிருக்கிறது. நீ போன பிறகு வந்த வாடிக்கை. அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர் செல்வம். முப்பது வயதிருக்கும், பஞ்சாமிர்தக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. முந்தாநாள் அவர் கூப்பிட்டார். பேக்கப் ஒவ்வொரு முறையும் கடைசிவரை ஓடி, முடியப்போகும் நேரத்தில் செத்து விழுகிறதாம். திரையில் வரும் பிழையைப் படித்துக் காட்டினார். உன் அசெர்ட்.

ஒரு பெரிய கணினிக்குள் மென்பொருளாகவே வேறு சில கணினிகள் ஓடும். உள்ளே ஓடும் கணினிக்கென்று தனி டிஸ்க் கிடையாது. வெளியே இருக்கும் டிஸ்க்கில் ஒரு மிகப் பெரிய கோப்புதான் அதன் டிஸ்க். அந்தக் கணினியை நிறுத்தாமலே அந்தக் கோப்பைத் துண்டு துண்டாக வேறிடத்துக்கு நகல் எடுப்பது நம் நிரலின் வேலை. எந்தெந்தத் துண்டை எடுக்க வேண்டுமோ அதற்கெல்லாம் ஒரு புள்ளி வைக்கும். எடுத்தபின் அந்தப் புள்ளியை அழிக்கும். எல்லாம் முடிந்தபோது ஒரு புள்ளியும் மிச்சம் இருக்கக் கூடாது.

அந்தக் கடைசி வாக்கியத்தை நீ ஒரு வரியாக நிரலில் எழுதி வைத்தாய். அதுதான் அசெர்ட். 'இது இப்படித்தான் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் மேற்கொண்டு ஒரு வேலையும் செய்யாதே, அங்கேயே நின்றுவிடு' என்று, நிரல் எழுதியவர் கணினிக்கு இடும் கட்டளை. நின்றுவிட்டால் அதுவரை எடுத்த நகலும் செல்லாது. பழனியில் ஒரே ஒரு புள்ளி மிச்சம் இருந்தது. ஒவ்வொரு முறையும் ஒன்று.

"மேடம், இன்னொண்ணும் சொல்லணுங்க" என்றார் செல்வம். "இந்தப் பெரிய மெஷின் டிஸ்க்கு கரகரங்குதுங்க. ரெண்டு நாளாத்தான்."

"மெஷினை நிறுத்திட்டு மொத்தமா ஒரு நகல் எடுத்துரலாமே?"

"நிறுத்திரலாங்க. திரும்ப எந்திரிக்கலேன்னா யாரு பதில் சொல்றது? ஆபரேசனுக்குத் தேதி குடுத்த அம்புட்டுப் பேரு கண்ணளவும் இதுக்குள்ளதாங்க கெடக்கு. யாருக்கு எந்த லென்ஸ் வைக்கணுங்கிறது எல்லாம்."

"காகிதத்துல இருக்குமில்ல?"

"முந்தி எழுதுனாங்க. எதுக்கு ரெண்டு வேலைன்னு நாந்தாங்க விடச் சொன்னேன். பெரிய டாக்டரு அப்பவே வேணாம்னாரு. நான்தான் பேசிச் சம்மதிக்க வச்சேன்."

அவர் குரலில் இருந்த பயம் எனக்குப் புரிந்தது. டிஸ்க் போனால் ஆஸ்பத்திரி எப்படியாவது எல்லோரையும் திரும்ப வரவழைத்து அளவெடுத்துக்கொள்ளும். செல்வத்துக்கு அங்கே வேலை இருக்காது.

மறுநாள் ஸ்டெல்லா கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. ஆபீஸிலிருந்து கார்த்திக். நம் இருவருக்கும் பிறகு சேர்ந்து இப்போது எனக்கு மேலே இருக்கிறான். கெட்டிக்காரன், அவசரக்காரன், கெட்டவன் இல்லை.

"மேடம், ஒரே ஒரு லைன். அதைத் தூக்கிட்டு இன்னைக்கே புது பில்டு அனுப்பிடுங்க. மத்ததை நிதானமா பாத்துக்கலாம்."

"அந்த லைன் சும்மா நிக்கல கார்த்திக். ஒரு துண்டை எடுக்கலன்னு சொல்லுது."

"லட்சக்கணக்கான துண்டுல ஒண்ணு. பேக்கப்பே இல்லாம இருக்கறதுக்கு, ஒண்ணு இல்லாத பேக்கப் மேல்தானே?"

அதில் நியாயம் இருந்தது, தவமணி. நீயே இருந்தாலும் ஒரு நிமிஷம் யோசித்திருப்பாய். நான் வேறு வழியில்லாமல் சட்டத்தைச் சொன்னேன். "எழுதினவங்களைக் கேக்காம அசெர்ட்டை எடுக்கக் கூடாது. நம்ம டீம்ல அதானே வழக்கம்."

உன் சட்டம்தான். யார் எழுதிய அசெர்ட்டையும் எடுக்க வேண்டுமானால் எழுதியவரைப் போனில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். மின்னஞ்சல் செல்லாது, குரலில் கேட்க வேண்டும். எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தாலும் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும். 'எதுக்குப் பயந்து எழுதினாங்களோ, அந்தப் பயத்தக் கேட்டுட்டு எடுங்க' என்றாய். எல்லோரும் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். இப்படி ஒரு நிலைமை வரும் என்று அந்தச் சட்டத்தில் நீ எழுதவில்லை.

"மேடம்" என்றான் கார்த்திக், குரலை இறக்கி. "தவமணி மேடம் இல்லையே."

"தெரியும்."

"நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் பாருங்க. அதுக்கு மேல நானே எடுத்துருவேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

போனை வைத்ததும் ஸ்டெல்லா ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே கேட்டாள். "யாருக்கா அது, உங்களயே வெரட்டுறது?"

"ஆபீஸ்."

"கொரலக் கேட்டா மீச மொளைக்காத பய மாதிரியில்ல இருக்கு?"

"கல்யாணமாகி ரெண்டு பிள்ளைங்க இருக்கு ஸ்டெல்லா."

"அப்பச் சரி. அங்கிட்டுப் பொண்டாட்டி வெரட்டுறா, அவன் இங்கிட்டு வந்து வெரட்டுறான்." பிறகு சில்லறையை எண்ணாமல் என் கையில் வைத்தாள். "தவமணியக்கா இருந்தா போன வாங்கி ரெண்டு போடு போட்டிருக்கும். நீங்க அமைதியாப் பேசிப் பேசியே கெட்டுப் போறீங்க."

வீட்டுக்கு இறங்கி வரும்போது என்னையே சந்தேகப்பட்டேன். அந்த வரி உண்மையிலேயே ஒரு தவறைக் காட்டுகிறதா, அல்லது உன் கையால் எழுதியது என்பதற்காக நான் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேனா? வேறு யாராவது எழுதிய வரியாக இருந்தால் எடுத்திருப்பேனோ? செல்வத்தின் டிஸ்க் கரகரத்துக்கொண்டிருக்கும்போது, ஒரு வரிக்காக நான் துக்கம் கொண்டாடுகிறேனோ? உன் புடவைகளை எல்லாம் கொடுத்துவிட்டேன். உன் செருப்பைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. நினைவுப் பொருள் சேர்க்கிற ஆள் இல்லை நான். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன்னை எடுத்துக்கொண்டு போன அன்று என்ன நடந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். உன் அண்ணன் வந்திருந்தான். அவன் இப்போதைய மனைவியும் வந்திருந்தாள், நல்ல பெண்தான். உன்னைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க 'அண்ணனும் அண்ணியும் முன்ன வாங்க' என்று கூப்பிட்டார்கள். அவள் போனாள். நான் வேலியோரம் நின்றேன். உன் ஊர்ப்பக்கத்து அம்மா ஒருவர் என்னைப் பார்த்து, "நீங்க கூட வேல பாக்குறவங்களா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். அது பொய் இல்லையே. வேறு என்ன சொல்ல முடியும்? சட்டப்படி நான் உனக்கு ஒன்றுமில்லை.

கோர்ட்டில் எல்லாம் முடிந்த வாரம் நீ மதுரைக்கு வந்து என் பெட்டியைத் தூக்கினாய். 'அவன் விட்டா விட்டுட்டுப் போறான். நான் எதுக்கு ஒங்கள விடணும்? கெளம்புங்க அண்ணி, மலைக்குப் போவோம்.' அவ்வளவுதான் நீ அதைப் பற்றிப் பேசியது. அப்புறம் அந்தப் பேச்சே நம் வீட்டில் வரவில்லை.

சரி, வரிக்கு வருகிறேன்.

அன்று மத்தியானம் மின்சாரம் வந்ததும் உட்கார்ந்தேன். எத்தனை புள்ளி மிச்சம் என்று மட்டுமே உன் வரி சொல்லும், எது என்று சொல்லாது. எது என்றும் சொல்லும்படி ஒரு சின்னச் சேர்க்கை எழுதி செல்வத்துக்கு அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு துண்டாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இருந்தால் நகல் எடுக்கும்போதே யாரோ குறுக்கே எழுதுகிறார்கள் என்று அர்த்தம், அதைத் தேடிப் பிடிக்க மாதக்கணக்கில் ஆகும். அவர் இரண்டு முறை ஓட்டிவிட்டுச் சொன்னார். இரண்டு முறையும் ஒரே துண்டு. டிஸ்க்கின் கடைசித் துண்டு.

"செல்வம், அந்த டிஸ்க் எத்தனை ஜிபி?"

"முழுசா இல்லைங்க மேடம். அது ஆஸ்பத்திரியில பழைய கம்ப்யூட்டரு. புது மெஷின் வாங்கயில, பழசை அப்பிடியே உள்ள தூக்கி வச்சுட்டோம். அந்தக் காலத்து டிஸ்க்கு அளவு ஒரு தினுசா இருக்குங்க."

"பைட் கணக்குல படிங்க. ஒவ்வொரு இலக்கமா."

அவர் படித்தார். நான் காகிதத்தில் எழுதி, நம் துண்டின் அளவால் வகுத்துப் பார்த்தேன். மீதி வந்தது. கடைசியில் ஒரு துண்டுக்கும் குறைவாக ஒரு சின்னப் பகுதி.

அதற்கு மேல் தேட அதிக நேரம் பிடிக்கவில்லை. புள்ளி வைக்கும் இடத்தில் அந்தக் குறைத் துண்டையும் ஒரு துண்டாகக் கணக்கில் எடுத்திருந்தது. நகல் எடுக்கும் இடத்தில் அளவை வகுத்து, வந்த முழு எண்ணோடு நின்றுவிட்டது. ஆகவே கடைசித் துண்டுக்குப் புள்ளி உண்டு, அதை எடுக்க ஆள் வரமாட்டார். உன் அசெர்ட் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அதைத் தூக்கியிருந்தால், 'எல்லாம் முடிந்தது' என்று திரையில் வந்திருக்கும், அந்தத் துண்டு என்றைக்கும் நகலில் வந்திருக்காது, நமக்கும் தெரிந்திருக்காது.

எனக்குள் ஒரு திருப்தி வந்தது, மறைக்கவில்லை. கார்த்திக்கைக் கூப்பிடப் போனை எடுத்தேன். அதற்கு முன்னால் அந்த வகுத்தலை யார் எழுதியது என்று பார்த்தேன். பக்கத்தில் த.ம. என்று இருந்தது.

நீயேதான். இரண்டு வரியும் ஒரே வாரத்தில் எழுதியிருக்கிறாய். ஒன்று தவறு செய்கிறது, மற்றது அதைப் பிடிக்க வாசலில் நிற்கிறது.

தெரிந்து வைத்தாயா? தெரிந்திருந்தால் வகுத்தலையே திருத்தியிருப்பாய். தெரியாது என்றால், எதற்காக அங்கே காவல் போட்டாய்? ஒருமுறை, இத்தனை அசெர்ட் எதற்கு, நிரல் பூராவும் இதுதான் இருக்கிறது என்று கேட்டேன். 'ஒங்களுக்கு யாரு மேலயும் நம்பிக்கை கெடையாது அண்ணி. எனக்கு எம்மேல மட்டும் கெடையாது. அதான் ஆளப் போட்டுட்டுப் போறேன்' என்று சிரித்தாய். அது வேடிக்கைக்குச் சொன்னது. அந்த வாரம் உனக்கு எதன் மேலாவது குறிப்பாகச் சந்தேகம் வந்ததா என்பது வேறு கேள்வி.

இன்னொன்றும் நினைவுக்கு வந்து தொந்தரவு செய்கிறது. நீ சிறுமியாக இருந்தபோது இலங்கையில், கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் உன் அம்மா கொழுந்து எடுத்ததைச் சொல்வாய். 'நிறுக்கயில கூடைக்குன்னு கழிப்பாங்க, ஈரத்துக்குன்னு கழிப்பாங்க. அதுக்கு மேல முள்ளு முழு ராத்தலத் தாண்டி நின்னாலும் தாண்டுனத எழுத மாட்டாங்க. அளவு கொறஞ்சா அன்னைக்கு அரைப்பேரு. அரைப்பேரு விழுந்த அன்னைக்கு அம்மா யாரு கூடயும் பேசாது அண்ணி.' அரைப்பேர் என்றால் நாள் முழுக்க மலையில் நின்றவளுக்குப் பாதி நாள்தான் வேலை செய்தாள் என்று பதிவு. அந்த எரிச்சல் உனக்குக் கடைசிவரை இருந்தது. வில்பட்டிக் கேரட் வாங்கினால்கூட, முள் நடுவில் வந்து நிற்கும்வரை கடைக்காரர் தராசிலிருந்து கையை எடுக்கவிட மாட்டாய்.

அந்த நீ மீதியை விட்டாய்.

இப்படிப் பொருத்திப் பார்ப்பது கதை எழுதுகிறவர்கள் வேலை. எனக்குப் பிடிக்காது. முழு எண் வகுத்தலில் மீதி தானாகவே போய்விடும், யாரும் வேண்டுமென்று விட வேண்டியதில்லை. நாம் சோதனைக்கு வைத்திருந்த டிஸ்க்குகள் எல்லாம் நாமே முழு ஜிபி கணக்கில் உருவாக்கியவை, எதிலும் மீதி வராது. ஊரில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரை ஒருவர் அப்படியே தூக்கி உள்ளே வைப்பார் என்று அப்போது நாம் இருவருமே நினைக்கவில்லை. இதுதான் காரணமாக இருக்கும். இருந்தாலும் உன்னிடம் கேட்டிருந்தால் நீ வேறொன்று சொல்லியிருப்பாய் என்று தோன்றுகிறது.

திருத்தம் ஒரே வரி. மீதி இருந்தால் ஒன்று கூட்டிக்கொள், கடைசித் துண்டை மட்டும் இருக்கும் அளவுக்குப் படி. எழுத ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதோடு போகும் குறிப்புதான் நேரம் எடுத்தது.

எந்தத் திருத்தம் போனாலும், யார் எழுதிய வரியில் இருந்த எந்தத் தவறைச் சரிசெய்கிறோம் என்று பெயரோடு குறிப்பு எழுதுவது நம் ஆபீஸ் பழக்கம். யாரையும் குற்றம் சொல்ல இல்லை, பின்னால் வருகிறவர்களுக்குத் தடம் தெரியட்டும் என்று. நான் எழுதி அனுப்பிய குறிப்பைப் படித்துவிட்டு கார்த்திக் கூப்பிட்டான்.

"மேடம், கண்டுபிடிச்சது சூப்பர். நான்தான் அவசரப்பட்டுட்டேன். ஆனா அந்தப் பேரு மட்டும் வேணாமே. போனவங்க பேருல எதுக்குத் தப்பு எழுதணும்? 'பழைய கோடிங்'ன்னு போட்டுருங்க."

"நீ எழுதியிருந்தா உன் பேரைப் போடுவேன்ல?"

"அது வேற மேடம். நான் இருக்கேன்."

"அவளும் இந்த நிரல்ல இருக்கா, கார்த்திக்."

அவனுக்கு நான் சொன்னது புரிந்ததா என்று தெரியவில்லை. எனக்கே முழுதாகப் புரிந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் பெயரை எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். இரக்கப்பட்டு ஒருவர் தவறை மறைப்பது, அவரிடம் இனி ஒன்றும் எதிர்பார்ப்பதற்கில்லை என்று தீர்மானித்த பிறகுதான். எனக்கு அந்தத் தீர்மானம் இன்னும் வரவில்லை. 'வகுத்தலில் மீதி விடுபட்டது: தவமணி. அதைப் பிடித்த அசெர்ட்: தவமணி. திருத்தம்: வசந்தா' என்று எழுதினேன். மூன்று பெயரும் அடுத்தடுத்து நின்றது பார்க்க நன்றாக இருந்தது.

இன்று சாயங்காலம் மேகம் முற்றம்வரை இறங்கி நிற்கிறது. திருத்திய பில்டு போய்விட்டது. செல்வம் அதை ஏற்றிவிட்டார், டிஸ்க் இன்னும் கரகரக்கிறதாம். நகல் முழுதாக வந்தால் மட்டும் போதாது, அதைத் திரும்ப ஒரு கணினியில் ஏற்றிப் பார்த்தால்தான் நம்புவேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். நாளைக் காலை பழனி பஸ் பிடிக்கிறேன். சரியாக இருக்கும் என்றுதான் கணக்கு சொல்கிறது. கணக்கு சொல்வதை எல்லாம் நம்புகிறவளாக இருந்தால் இந்தத் தொழிலில் இவ்வளவு காலம் இருந்திருக்க மாட்டேன். நடந்ததை வந்து எழுதுகிறேன்.

மறுநாள்.

முதல் பஸ்ஸிலேயே இறங்கினேன். மலைப்பாதையில் வழியெல்லாம் மூங்கில் சாய்ந்து கிடந்தது, டிரைவர் நிறுத்தி நிறுத்தி ஓட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் செல்வம் நின்றிருந்தார். "வெள்ளனே வந்துட்டீங்க மேடம். காலையிலயே ஓடி முடிஞ்சிருச்சுங்க. நிக்கல" என்றார். இரவெல்லாம் தூங்காத முகம்.

நகலை வேறொரு கணினியில் ஏற்றினோம். கிளம்பி வந்தது. செல்வம் ஒரு நர்ஸைக் கூட்டிவந்தார். அந்தப் பெண் வெளியே பெஞ்சில் இருந்தவர்களில் ஒரு பெரியவரின் பெயரைச் சொன்னாள், எடுத்துக் காட்டினோம். இன்னொருவர், இன்னொருவர். கண்ணளவு எல்லாம் இருந்தது. "அப்ப எனக்கு வேல இருக்குன்னு சொல்லுங்க" என்று செல்வம் யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனார். வரக் கொஞ்ச நேரமாயிற்று. கண்ணைத் துடைத்திருந்தார்.

அவர் வந்த பிறகு அந்தக் கடைசித் துண்டைத் திறந்து பார்த்தேன். நகலில் வந்திருந்தது, மூலத்தோடு இலக்கத்துக்கு இலக்கம் ஒத்துப்போனது. உள்ளே என்ன இருக்கிறது என்று திரையில் இறக்கினேன். சைபர். வரிவரியாகச் சைபர் மட்டும். அந்தத் துண்டில் யாரும் எப்போதும் எதையும் எழுதியிருக்கவில்லை.

"என்னங்க மேடம், ஒண்ணுமே இல்லையே?"

"ஆமா. ஒண்ணுமில்ல."

கார்த்திக்கிடம் சொன்னேன். சிரித்தான். "அப்ப அன்னைக்கே எடுத்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது மேடம்." இந்த டிஸ்க்கில் ஆகியிருக்காது என்றேன். சரிதான் என்றான்.

புது டிஸ்க் வாங்க ஆள் அனுப்பிவிட்டார்கள். செல்வத்துக்கு நூறு வேலை, என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு ஓடினார். மத்தியான பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது, அந்தச் சைபர்களைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். பக்கத்தில் இருந்தவர் மொட்டையடித்த தலையில் சந்தனம் காயத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உன் அசெர்ட் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில், உன் எழுத்துகளுக்குக் கீழே, 'எடுப்பதாக இருந்தால் வசந்தாவைக் கூப்பிட்டுக் கேட்கவும்' என்று இன்று சேர்த்துவிட்டேன். யாராவது ஒருநாள் கூப்பிடுவார்கள், வெறும் சைபருக்காக இது எதற்கு என்று கேட்பார்கள். நீ எதற்குப் பயந்தாய் என்று என்னால் அவர்களுக்குச் சொல்ல முடியாது. வேண்டாம், எடுக்காதே என்று மட்டும் உனக்குப் பதிலாகச் சொல்வேன். நான் வேலையில் இருக்கும்வரை சொல்வேன்.

உன் அண்ணி,
வசந்தா